பாடநூலுக்குள் வராத பிள்ளைகள்

முதல் வகுப்பில் குடும்பப் படம் வரைவதில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் படிப்பது வரை, பள்ளிப் பாடங்கள் உடல், காதல், திருமணம், குடும்பம் ஆகியவற்றைப் பற்றி எதையாவது சொல்லிக்கொண்டேதான் வருகின்றன. சங்கப் பாடலில் தலைவனும் தலைவியும் வருகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் கணவன் வயதையும் மனைவி வயதையும் கூட்டச் சொல்கிறார்கள். அறிவியலில் விடலைப் பருவ மாற்றங்கள் வருகின்றன. ஆண் பெண்ணை விரும்புவான், பெண் ஆணை விரும்புவாள் என்பது இந்த எல்லா இடங்களிலும் சொல்லாமலே சொல்லப்படுகிறது. அப்படி இல்லாத மனிதர்களும் இருக்கிறார்கள், எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் பாடங்களில் உரிய இடங்களில் சொல்வதைத்தான் தன்பாலீர்ப்பைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது என்கிறார்கள். பாலுறவைப் பற்றித் தனிப்பாடம் எழுதுவது என்று பலர் இதைப் புரிந்துகொண்டு அஞ்சுகிறார்கள். கோரிக்கை அதைவிட எளியது, அதைவிட விரிந்தது.

இரண்டு செய்திகளை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினம் தம் உணர்வோடு பொருந்தாதவர்களைத் திருநர் என்கிறோம். ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு உண்டாகிறது என்பது பாலீர்ப்பு. ஆண்மீது ஈர்ப்புக் கொள்ளும் ஆணும், பெண்மீது ஈர்ப்புக் கொள்ளும் பெண்ணும் தன்பாலீர்ப்பினர். தமிழ்நாட்டில் திருநருக்குப் பள்ளிக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே இங்கு அமைந்தது. மதுரையில் பிறந்த பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜைப் பற்றிய பாடம் மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களும் அரசு அங்கீகாரம் பெற்றவையும் பாகுபாடின்றி அவர்களைச் சேர்த்துக் கல்வி தர வேண்டும் என்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, பெண் குழந்தைகளோடு திருநர் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நிதியம் ஒன்றை அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தன்பாலீர்ப்புள்ள மாணவரோ மாணவியோ இந்த ஆவணங்கள் எதிலும் தம்மைக் காண முடியாது.

காணாமல் போவதால் அவர்கள் பள்ளியில் இல்லை என்றாகிவிடாது. பெயர் தெரியாத மாணவனுக்கும் வகுப்பறை ஒரு பெயர் வைத்துவிடுகிறது. நாகர்கோவிலோ தக்கலையோ குளச்சலோ, தமிழ்நாட்டின் எந்த ஊர் ஆண்கள் பள்ளி ஆனாலும், மென்மையாக நடக்கிற, கைவீசிப் பேசுகிற பையனை ‘ஒம்போது’ என்றும் ‘பொட்டை’ என்றும் கூப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இதில் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து சிரிப்பதுண்டு. அந்தப் பையன் தன்பாலீர்ப்பினனா, திருநரா, அல்லது வெறுமனே மென்மையானவனா என்பது கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது தேவையும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு நேர்வது வேறு விதம். இரண்டு தோழிகள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், வீட்டுக்குத் தகவல் போகும், படிப்பு நிறுத்தப்படும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

இதை வெறும் அனுமானமாக ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகம் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டது. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மை இளைஞர்கள் ஏறத்தாழ 400 பேரிடம் அவர்களது பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக 60 விழுக்காட்டினர் சொன்னார்கள். தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்கள் 43 விழுக்காடு. பள்ளி நிர்வாகத்திடம் புகார் செய்தவர்கள் 18 விழுக்காடு மட்டுமே. படிப்பை நிறுத்தியதற்கு இந்தத் துன்புறுத்தல் முக்கியக் காரணம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு. கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகார் சொல்ல வேண்டுமானால் தனக்கு நடந்தது என்ன, ஏன் என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிய வேண்டும். அதற்கான சொற்களைப் பள்ளி கற்றுத்தரவில்லை. எனவே பிள்ளை சொல்லாமலே பள்ளியை விட்டுப் போகிறது.

நீதிமன்றம் எழுதிய பாடம்

பள்ளிகள் வாய் திறக்காததற்கு நீண்ட காலம் ஒரு சட்டக் காரணம் இருந்தது. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தன்பாலுறவைக் குற்றமாக்கியது. தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று அதன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, வயதுவந்தவர்கள் மனமொத்து உறவுகொள்வது குற்றமாகாது என்று முடிவாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. குற்றம் என்ற சாக்கு போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

பள்ளிகளை நேரடியாகப் பெயர் சொல்லிப் பேசிய தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் ஒன்றாக வாழ முடிவெடுத்துச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். காவல்துறை தேடிவர, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் அரிய காரியம் செய்தார். தமக்கு இந்தப் பொருள் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்டார். அதன்பிறகு, 2021 ஜூன் 7 அன்று, விரிவான ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்தது அந்த ஆணை. காவல்துறை, நீதித்துறை, மருத்துவத்துறை, பள்ளி கல்லூரிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யோசனைகளைத் தந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களைப் பயன்படுத்திப் பெற்றோருக்கு விளக்குவது, பள்ளி விதிகளிலும் வசதிகளிலும் இந்த மாணவர்களையும் கணக்கில் கொள்வது, பாலினம் பார்க்காத கழிப்பறை, விண்ணப்பப் படிவங்களில் திருநருக்கும் இடம், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வழி, இந்த மாணவர்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்களைப் பணியமர்த்துவது ஆகியவை பள்ளிக்கான பகுதியில் இருந்தன. உயர் நீதிமன்ற நீதிபதியே மாணவராக அமர்ந்த ஒரு பொருளை ஆசிரியர்கள் கற்பது மதிப்புக்குக் குறைவாகாது என்பதை இந்த வழக்கு நிறுவிவிட்டது.

அதே வழக்கின் தொடர்ச்சியாக வெளிவந்த மற்றொரு செய்தி, பாடநூலின் சக்தி என்ன என்பதைத் துலக்கமாகக் காட்டுகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படிக்கும் தடய மருத்துவப் புத்தகங்களில் பெண்களின் தன்பாலுறவு பாலியல் குற்றங்களின் பட்டியலிலும் பிறழ்வுகளின் பட்டியலிலும் இருந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் படித்து வெளிவரும் ஒரு டாக்டர், தம்மிடம் வரும் நோயாளியை எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை அந்தப் பக்கங்கள் தீர்மானித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் அவற்றைத் திருத்தும்படி அறிவுரை அனுப்பியது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது தொழில்முறைத் தவறு என்று 2022-இல் அறிவித்தது. ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டியில் நீக்கப்பட்ட பழைய வரிகள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. கடும் எதிர்ப்புக்குப் பின் செப்டம்பர் 5 அன்று வழிகாட்டி திரும்பப் பெறப்பட்டது. ஒரு முறை திருத்தினால் வேலை முடிந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஒரு வாரம் நல்ல எச்சரிக்கை.

பள்ளிக் கல்வியில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் உள்ளடக்குவது குறித்து ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை 2021 அக்டோபர் இறுதியில் தன் இணையதளத்தில் வெளியிட்டது. அது மாணவர் கைக்குப் போகும் புத்தகம் அல்ல, ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கானது. கையேட்டுக்கு எதிராகப் புகார் போனது, குழந்தைகள் உரிமை ஆணையம் கடிதம் எழுதியது, சில நாட்களிலேயே கையேடு மறைந்தது. புகார் வந்த வேகத்தில் பல காலம் உழைத்து ஆக்கிய ஒன்றைத் திரும்பப் பெற்றதை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே கண்டித்தது. பிறகு 2023 ஜனவரியில் வேறொரு வரைவு வந்தது. இரண்டும் திருநர் குழந்தைகளை மையமாகக் கொண்டவை.

எந்தப் பாடத்தில், எப்படி

சேர்ப்பது என்றால் எதைச் சேர்ப்பது? நல்ல விடை பாடத்துக்குப் பாடம் வேறுபடும். பெரும்பாலான இடங்களில் ஓரிரு வாக்கியம் போதும்.

தமிழ்ப் பாடத்திலிருந்தே தொடங்கலாம். ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுக்குள் அடங்காத மனிதர்களைத் தொல்காப்பியம் அறிந்திருக்கிறது. அவர்களை உயர்திணையில் வைத்து, எந்த விகுதியோடு பேச வேண்டும் என்று இலக்கணம் சொல்கிறது. நன்னூலும் இதைத் தொடர்கிறது. அதாவது, அவர்கள் மனிதர்களா என்பது தமிழ் இலக்கணத்துக்குக் கேள்வியாகவே இருக்கவில்லை. தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டு ஏற்றவர் என்று பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டாசானின் ஊர், விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள அதங்கோடு என்று மரபாகக் கருதப்படுகிறது. குமரி மாவட்டப் பள்ளியில் தொல்காப்பியம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நெருக்கமான தொடக்கம் வாய்க்காது. இலக்கணம் பேசுவது இன்று நாம் சொல்லும் பாலீர்ப்பைப் பற்றி அல்ல என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய நூலில் இன்றைய கருத்தை முழுதாகத் தேடினால் நூலுக்கும் அநீதி, மாணவருக்கும் அநீதி.

கணினி அறிவியலில் ஆலன் டூரிங்கின் பெயர் வருகிறது. கணிப்பொறி என்ற எண்ணத்துக்கே அடித்தளமிட்டவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். அவருடைய தாய் கோயம்புத்தூருக்கு அருகில் போத்தனூரில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. 1952-இல் டூரிங் தன்பாலுறவுக் குற்றம் சாட்டப்பட்டு, சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி ஏற்க வேண்டிவந்தது. 1954 ஜூன் 7 அன்று, 41 வயதில் இறந்தார். பிரிட்டிஷ் பிரதமர் 2009-இல் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. டூரிங்கின் கணிதத்தைச் சொல்லி இதைச் சொல்லாமல் விடும்போது, அவர் ஏன் இளமையிலேயே இறந்தார் என்று கேட்கும் மாணவிக்குப் பதில் இல்லை. ஆஸ்கர் வைல்டின் குழந்தைக் கதைகள் ஆங்கில வகுப்பில் விரும்பிப் படிக்கப்படுகின்றன. தன்பாலுறவுக்காக 1895-இல் இரண்டாண்டுக் கடுங்காவல் அவருக்கு விதிக்கப்பட்டது. உயர் வகுப்பு மாணவர்களுக்கு ஆசிரியர் குறிப்பில் இரண்டு வரி போதுமானது. விளையாட்டைப் பற்றிய பாடத்தில் ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை துத்தி சந்த் வரலாம். தமக்கு ஒரு பெண்ணோடு உறவு இருப்பதை 2019-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

உயிரியலில் சொல்ல வேண்டியது சிறிது, ஆனால் அவசியமானது. தன்பாலீர்ப்பு நோய் அல்ல. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973-இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. இந்திய உளமருத்துவச் சங்கமும் 2018-இல் அதையே உறுதிப்படுத்தியது. இந்தச் செய்தி ஒரு பத்தியில் அடங்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இனப்பெருக்கப் பாடமே பல வகுப்புகளில் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தோடு கடந்து போகிறது. வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. ஆணும் பெண்ணும் என்ற பாடத்தையே நடத்தக் கூசும் வகுப்பறையில் தன்பாலீர்ப்புப் பாடம் மட்டும் தனியாக நடந்துவிடாது. இரண்டும் ஒரே கூச்சம். சேர்த்துத்தான் கடக்க வேண்டும்.

குடிமையியலில் 2018 தீர்ப்பு, அடிப்படை உரிமைகள் பாடத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சமத்துவம், பாகுபாடின்மை, கருத்து வெளிப்பாடு, வாழ்வுரிமை ஆகிய உறுப்புகள் அனைத்தும் அந்த ஒரே வழக்கில் வேலை செய்கின்றன. ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்ததையும் சேர்த்தே கற்பிக்கலாம். சட்டம் எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று மாணவர் விவாதிக்க அது இடம் தரும். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று 2025 மே மாதம், வீட்டார் அடைத்துவைத்த ஓர் இளம்பெண்ணின் வழக்கில் சொன்னது.

குமரி மாவட்டத்தின் அனுபவம்

பள்ளி என்ற நிறுவனம் மனிதரின் இடத்தை மாற்றும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் பள்ளி தொடங்கினார். நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் பள்ளி 1819-இலேயே எழுந்தது. கோவிலுக்கும் சந்தைக்கும் சாலைக்கும் அருகே வரக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் பலகையில் உட்கார்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக, 91.75 விழுக்காட்டோடு இது நின்றதற்கு அடித்தளம் அங்கே இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே பாடநூலைப் பற்றிய ஒரு கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை அலையலையாகப் போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் பணிந்து அறிவிப்பு வெளியிட்டார். தோள்சீலைப் போராட்டம் எனப்படும் இது, சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில், உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் இடம்பெற்றிருந்தது. நாடார் சமூகத்தை அந்தப் பாடம் வருணித்த விதம் தவறானது, இழிவுபடுத்துவது என்று தமிழ்நாட்டில் 2012-இல் எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போனது. வருணனையைத் திருத்தியிருக்கலாம். அதற்கு மாறாக, அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கப்படாது என்று 2016 டிசம்பரில் சுற்றறிக்கை வந்தது. 2019-இல் அந்தப் பாடமே முழுமையாக நீக்கப்பட்டது. நாட்டின் மற்ற பகுதிப் பிள்ளைகள் இந்தப் போராட்டத்தை அறியும் வாய்ப்பு அதோடு போயிற்று.

தன்பாலீர்ப்பைப் பற்றிய பாடம் எழுதப்போகிறவர்கள் இந்த நிகழ்விலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மக்களைப் பற்றி அவர்களைக் கலக்காமல் எழுதினால் பிழை நேரும், காயம் நேரும். அந்தக் காயத்தைக் காரணம் காட்டிப் பாடத்தையே எடுத்துவிடுவது நிர்வாகத்துக்கு மிக எளிது. எனவே பாடக்குழுவில் தன்பாலீர்ப்பினரும், அவர்களின் பெற்றோரும், பல்லாண்டு உழைத்த அமைப்புகளும் முதலிலேயே இருக்க வேண்டும். சென்னையின் ஓரினம் குழு இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழிலும் இந்தப் பொருளைப் பேசிவருகிறது. பாடநூலுக்குத் தேவையான மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டும்விட்டது. சொல்லுக்கோ ஆளுக்கோ பஞ்சம் இல்லை.

குடும்பம் என்பது என்றும் மாறாத ஒன்று, அதைத் தொடக்கூடாது என்ற வாதத்துக்கும் இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டிலேயே பதில் கிடைக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர் நெடுங்காலம் மருமக்கள்வழி முறையில் வாழ்ந்தவர்கள். தந்தையின் சொத்து மகனுக்கு வராது; தாய்மாமன் சொத்து மருமகனுக்குப் போகும். அந்த முறையின் கொடுமைகளை அங்கதமாக எடுத்துவைத்த தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு பள்ளி ஆசிரியர். 1926-இல் திருவிதாங்கூர் அரசு தனிச் சட்டம் இயற்றி அதை மாற்றியது. இன்று அங்கே தந்தைவழிக் குடும்பமே இயல்பாகத் தோன்றுகிறது. நூறாண்டுக்கு முன் அது புதுமை. இன்றைக்கும் வகுப்பில் ‘உன் குடும்பத்தை வரை’ என்றால், வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவை எங்கே வரைவது என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளைகளும், கடலில் கணவரை இழந்த தாயின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடும்பங்கள் பலவிதம் என்று தொடக்கப் பள்ளியில் சொல்வது இவர்கள் எல்லோருக்குமே ஆறுதல்.

எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு வயதைப் பற்றியது. சிறு பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்கிறார்கள். வயதுக்கேற்பப் பிரிப்பதே இதற்கு விடை. 2018-இல் திருத்தி வெளியிட்ட யுனெஸ்கோ வழிகாட்டியும் அப்படித்தான் பிரிக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குள் குடும்ப வகைகளும், யாரையும் பட்டப்பெயர் வைத்து நோகடிக்கக்கூடாது என்பதும் போதும். விடலைப் பருவத்தில் ஈர்ப்பைப் பற்றியும், மேல்நிலையில் சட்டத்தையும் வரலாற்றையும் பற்றியும் பேசலாம். ‘ஒம்போது’ என்ற சொல்லை மூன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, அது தவறு என்று சொல்வதை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடுவது எந்த வகையிலும் பொருத்தமில்லை.

இரண்டாவது எதிர்ப்பு, படித்தால் பிள்ளைகள் அப்படி ஆகிவிடுவார்கள் என்ற அச்சம். பிரிட்டன் இதே அச்சத்தால் 1988-இல் 28-ஆம் பிரிவு என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’த் தடை போட்டது. அதன்கீழ் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் ஆசிரியர்கள் பேசப் பயந்தார்கள். கேலிக்கு ஆளான பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லவும் தயங்கினார்கள். ஸ்காட்லாந்து 2000-இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-இலும் அதை நீக்கின. பதினைந்து ஆண்டு மௌனத்தால் தன்பாலீர்ப்பினர் எண்ணிக்கை குறையவில்லை. அவர்கள் தனிமையில் வளர்ந்தார்கள், அவ்வளவுதான். அதே ஸ்காட்லாந்து, 2018-இல், எல்லா அரசுப் பள்ளிகளிலும் இப்பொருளைப் பாடங்களோடு இணைப்பதாக அறிவித்தது.

மூன்றாவது, சமயம். குமரி மாவட்டத்தில் இது கனமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர், 49 விழுக்காட்டினர் இந்துக்கள். சி.எஸ்.ஐ. திருச்சபையும் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் இந்து அமைப்புகளும் இஸ்லாமிய நிர்வாகங்களும் நடத்தும் பள்ளிகள் ஏராளம். சிறுபான்மைப் பள்ளிகளின் நிர்வாக உரிமையை அரசியல் சாசனத்தின் 30-ஆம் உறுப்பு காக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில், சமய நம்பிக்கைக்கு முரணான கதைப் புத்தகங்கள் நடத்தப்படும் வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றது. இங்கேயும் அந்தக் கேள்வி வரும். திருமணத்தைப் பற்றிய சமயக் கோட்பாட்டை எந்தச் சபையும் பாடநூலுக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அரசுப் பாடத்திட்டத்தை ஏற்று, அரசு ஊதியத்தில் ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளியில், எந்தப் பிள்ளையும் அடிபடக்கூடாது, நாட்டின் சட்டம் மறைக்கப்படக்கூடாது என்பதில் சமய நம்பிக்கைக்கு முரண் ஏதுமில்லை. விலக்கப்பட்டவரைப் பலகையில் உட்காரவைத்ததே இந்த மாவட்டத்து மிஷன் பள்ளிகளின் பெருமை.

ஆசிரியர்

பாடத்தில் எதை எழுதினாலும் அதை நடத்தும் ஆசிரியர் ஆயத்தமாக இல்லையென்றால் கேடுதான் விளையும். ஒரு மாணவி ஆசிரியரிடம் வந்து, ‘டீச்சர், எனக்கு ஒரு பொண்ணத்தான் பிடிச்சிருக்கு’ என்று சொன்னால் என்ன செய்வது? பலர் முதலில் செய்ய நினைப்பது பெற்றோரை அழைப்பது. அதுதான் மிக ஆபத்தானது. அந்தப் பெண் வீட்டில் பூட்டப்படலாம், அடிபடலாம், பள்ளிக்குத் திரும்பாமலே போகலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு குற்றத்தைக் கட்டாயம் தெரிவிக்கச் சொல்வதால் சில ஆசிரியர்கள் குழம்புகிறார்கள். ஒரு பிள்ளை தன் ஈர்ப்பைச் சொல்வது குற்றத் தகவல் அல்ல. அந்தப் பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தாலோ, நடக்கக்கூடும் என்று தெரிந்தாலோதான் அந்தக் கடமை எழுகிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது கேட்பது, நம்பிக்கை காப்பது, தேவையானால் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்புவது. மாணவர்களுக்கான 14417, மனநலத்துக்கான 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய தொலைபேசி எண்களில் இலவசமாகப் பேசலாம். மறுமுனையில் இருப்பவருக்கும் இந்தப் பொருளில் பயிற்சி இருந்தால்தான் அழைப்பு பயன்படும்.

பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுசேர்க்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடத்திட்டத்தையும் பயிற்சியையும் வகுக்கிறது. மாவட்டங்களில் அதை நடத்துபவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். குமரி மாவட்டத்துக்கு அது தேரூரில் இருக்கிறது. பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுப்பது குறித்து நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் அளித்த அறிக்கைக்குப் பின், மாணவரிடையே பாகுபாடு என்பது பள்ளிக் கல்வித்துறையின் வேலையே என்று தமிழ்நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. சாதிப் பெயரால் அடிபடும் பிள்ளைக்கும் ‘ஒம்போது’ என்று அடிபடும் பிள்ளைக்கும் ஒரே பயிற்சியில் இடம் தரலாம். இரண்டு பிள்ளைகளும் பல நேரம் ஒரே பிள்ளைதான்.

தமிழ்நாடு அரசு 2025 ஜூலை 31 அன்று திருநருக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது. திருநரையும் உள்ளடக்கிய பாலியல் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கோரிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தொடுத்த மனுவில், உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் மத்திய அரசுக்கும் என்.சி.இ.ஆர்.டி.க்கும் சில மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. கொள்கை, மனு இரண்டுமே திருநரை முன்வைத்தவை. 2021 தீர்ப்பு பள்ளிகளுக்குச் சொன்ன யோசனைகளோ தன்பாலீர்ப்பு மாணவர்களையும் சேர்த்தே சொன்னவை. அவற்றைப் பாடநூலாகவும் ஆசிரியர் கையேடாகவும் மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது.